தேர்தலில் வென்ற புஷ் ஓய்வூதியத்தில் தோற்றது எப்படி?

2004 நவம்பர் 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றபோது, எம்மில் பெரும்பாலானோர் அதனை ஈராக் யுத்தம் பற்றிய தீர்ப்பாகவே பார்த்தோம். தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முன்றலிலும் பேசப்பட்டது பக்தாத் பற்றியும் பலூஜா பற்றியும்தான். ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் மீண்டும் வென்றார். இனி அடுத்தது எந்த நாடு என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனால் வெற்றி பெற்று இரண்டு நாட்களில் செய்தியாளர்களைச் சந்தித்த புஷ், இந்தத் தேர்தலில் தான் அரசியல் மூலதனத்தைச் சம்பாதித்திருப்பதாகவும், அதனைச் செலவிடப் போவதாகவும் கூறினார். எதற்குச் செலவிடுவார் என்பதற்கு அவர் குறிப்பிட்ட முதன்மையான விடயங்களில் ஒன்று முதியோரின் ஓய்வூதியம்.

எனக்கு அந்தச் செய்தி வெறும் வெளிநாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. எனது ராத்தாவின் மகன் அப்போது நியூ ஜேர்ஸியில் வேலை செய்துகொண்டிருந்தான். 1972இல் பிறந்தவன். அங்கு நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்திருந்தது, குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே சம்பளத்தில் வரி வெட்டப்பட்டது, வாக்களிக்க உரிமை இல்லை. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொலைபேசியில் பேசியபோது, "மாமா, என்ட சம்பளத்துல வெட்டுற காச என்ட பேர்லேயே ஒரு கணக்குல போட்டா நல்லந்தானே? நான் கெழவனாகக்குள்ள இந்த நிதியத்துல ஒண்டுமே மிஞ்சாதாம் எண்டு புஷ் சொல்றாரே" என்று கேட்டான்.

அன்று என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. அவனுக்குப் பதில் சொல்வதற்காகவே இந்த விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், அந்தக் கேள்விக்கு என்ன நடந்தது என்பதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்க விரும்புகிறேன்.

சமூகப் பாதுகாப்பு என்றால் என்ன?

அமெரிக்காவில் 'சமூகப் பாதுகாப்பு' என்று அழைக்கப்படும் ஓய்வூதியத் திட்டம் பொருளாதாரப் பெருமந்தத்தின் மத்தியில் பிறந்தது. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி பிராங்க்ளின் டி. ரூஸ்வெல்ட் 1935 ஆகஸ்ட் 14ஆம் திகதி அதற்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். முதலில் ஓய்வுபெறும் தொழிலாளருக்கு மட்டும் என்றிருந்த இத்திட்டம், 1939இல் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும், 1956இல் வேலை செய்ய முடியாதவாறு உடல் பாதிக்கப்பட்டோருக்கும் விரிவாக்கப்பட்டது.

எமது நாட்டு ஊழியர் சேமலாப நிதியத்துடன் ஒப்பிட்டால் இதனை விளங்குவது இலகு. எமது நிதியத்தில் ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். அந்தப் பணம் ஊழியரின் சொந்தப் பெயரில் சேர்கிறது. வயது வந்ததும் மொத்தமாகக் கைக்கு வருகிறது. அதன் பின்னர் அதை எப்படிப் பாதுகாப்பது என்பது அவரவர் பொறுப்பு.

அமெரிக்கத் திட்டம் வேறு விதமானது. ஊழியர் 6.2 வீதமும் தொழில்தருநர் 6.2 வீதமும், மொத்தம் 12.4 வீதம் சம்பள வரியாகச் செலுத்துகின்றனர். அது யாருடைய பெயரிலும் தனியாகச் சேர்வதில்லை. இன்று உழைப்பவர் கட்டும் வரி இன்று ஓய்வுபெற்றிருப்பவருக்கு மாதாந்தக் கொடுப்பனவாகப் போகிறது. நாளை இவர் ஓய்வுபெறும்போது அப்போது உழைப்பவர்கள் இவருக்குக் கட்டுவார்கள். மரணிக்கும் வரை மாதாமாதம் பணம் வரும், விலைவாசி ஏற ஏறக் கொடுப்பனவும் ஏறும். சம்பளம் முழுவதற்கும் இந்த வரி இல்லை. 2005இல் ஆண்டுக்கு 90,000 டொலர் வரையான சம்பளத்துக்கே வரி இருந்தது. அதற்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் இந்த வரி கிடையாது.

முதலாவது மாதாந்தக் காசோலையைப் பெற்றவர் வெர்மொன்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர் என்ற பெண்மணி. 1940 ஜனவரியில் அவருக்கு 22.54 டொலர் கிடைத்தது. அதுவரை அவர் கட்டியிருந்த வரி மொத்தம் 24.75 டொலர் மட்டுமே. நூறு வயது வரை வாழ்ந்த அவர் பெற்ற மொத்தத் தொகை 22,888.92 டொலர்.

இத்திட்டத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வாழ்க்கையிலேயே தெரிகின்றன. முதுமையில் எவ்வளவு காலம் வாழ்ந்தாலும் அது கைவிடுவதில்லை. ஆனால் உழைப்பவர்களின் தொகை ஓய்வுபெற்றவர்களின் தொகையைவிட மிக அதிகமாக இருக்கும் வரைதான் கணக்கு இலகுவாகச் சரிவரும். 1950இல் கொடுப்பனவு பெறும் ஒருவருக்கு ஏறத்தாழ 16 பேர் வரி கட்டினர். 2005இல் அது 3 பேரளவுக்குக் குறைந்திருந்தது. பிறப்புகள் குறைந்ததும் ஆயுள் நீண்டதுமே காரணம்.

தொடக்கூடாத தண்டவாளம்

நியூயோர்க் போன்ற நகரங்களில் சுரங்க ரயில் ஓடும் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். ரயிலுக்கான மின்சாரம் அதில்தான் பாய்கிறது. தொட்டவர் பிழைப்பதில்லை. அமெரிக்க அரசியல்வாதிகள் சமூகப் பாதுகாப்பை 'மூன்றாவது தண்டவாளம்' என்று அழைப்பது இதனால்தான்.

இந்தப் பயம் அனுபவத்தால் வந்தது. குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன் 1980 தேர்தலில் பெரும் வெற்றி பெற்றார். 1981 மே மாதம் அவரது நிர்வாகம், 62 வயதில் முன்கூட்டியே ஓய்வுபெறுவோரின் கொடுப்பனவைக் கடுமையாகக் குறைக்கும் யோசனையை முன்வைத்தது. சில நாட்களில் செனட் சபை 96க்கு 0 என்ற வாக்குகளால் அத்தகைய வெட்டுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனாதிபதியின் சொந்தக் கட்சிக்காரர் ஒருவர்கூட அவருடன் நிற்கவில்லை. 1982 இடைக்காலத் தேர்தலில் அக்கட்சி பிரதிநிதிகள் சபையில் 26 ஆசனங்களை இழந்தது.

ஆனால் அதே ரீகன்தான் பின்னர் இத்திட்டத்தைக் காப்பாற்றவும் செய்தார். 1983ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நிதியம் வெறுமையாகிவிடும் என்ற நிலை வந்தபோது, அலன் கிரீன்ஸ்பான் தலைமையில் இரு கட்சியினரையும் கொண்ட ஆணைக்குழு ஒன்று வேலை செய்தது. குடியரசுக் கட்சியின் பொப் டோலும் ஜனநாயகக் கட்சியின் டேனியல் பெட்ரிக் மொய்னிஹானும் இணக்கப்பாட்டுக்கு வழி திறந்தனர். ரீகனும் ஜனநாயகக் கட்சியின் சபாநாயகர் டிப் ஓ நீலும் அதற்கு உடன்பட்டனர்.

அந்த உடன்பாட்டில் இரு தரப்புக்கும் கசப்பு இருந்தது. சம்பள வரி உயர்வு முன்கூட்டியே கொண்டுவரப்பட்டது. இது ரீகனுக்குப் பிடிக்காதது. விலைவாசிக்கேற்ற உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போடப்பட்டது. ஓய்வூதிய வயது மிக மெதுவாக 65இலிருந்து 67க்கு உயரும் என்று தீர்மானிக்கப்பட்டது. இவை ஓ நீலுக்குப் பிடிக்காதவை. வசதி படைத்தோர் பெறும் கொடுப்பனவின் ஒரு பகுதிக்கு வருமான வரியும் வந்தது. 1983 ஏப்ரல் 20ஆம் திகதி ரீகன் கையொப்பமிட்டார். மக்களின் கோபம் ஒரே கட்சியின் தலையில் விழாதவாறு பழியை இரு கட்சிகளும் பங்குபோட்டுக்கொண்டதால்தான் அந்த உடன்பாடு நின்றுபிடித்தது.

இரண்டு ஆண்டுகளில் குடியரசுக் கட்சி இந்தப் பாடத்தை மறந்தது. 1985இல் விலைவாசிக்கேற்ற உயர்வை ஓராண்டுக்கு நிறுத்தும் யோசனைக்குச் செனட் சபையின் குடியரசுக் கட்சியினர் ஏறத்தாழத் தனியாகவே வாக்களித்தனர். சத்திரசிகிச்சை செய்துகொண்ட செனட்டர் பீட் வில்சன் வைத்தியசாலையிலிருந்து கொண்டுவரப்பட்டார். சமநிலையை உடைக்க உப ஜனாதிபதி, அதாவது புஷ்ஷின் தந்தை, வாக்களிக்க வேண்டியிருந்தது. அந்த யோசனை சட்டமாகவில்லை. ஆனால் 1986இல் அக்கட்சி 8 ஆசனங்களையும் செனட் சபையின் அதிகாரத்தையும் இழந்தது.

2004இன் வெற்றி எதற்கான ஆணை?

2004இல் புஷ் ஜோன் கெரியை 286க்கு 251 என்ற தேர்வாளர் வாக்குகளால் வென்றார். மொத்த வாக்குகளில் ஏறத்தாழ 50.7 வீதம் பெற்றார். 1988இன் பின்னர் பாதிக்கு மேல் வாக்குப் பெற்ற முதலாவது ஜனாதிபதி அவரே. செனட் சபையில் அவரது கட்சிக்கு 55 ஆசனங்கள் கிடைத்தன. ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் டொம் டாஷல் தனது சொந்த மாநிலமான தெற்கு டகோட்டாவிலேயே தோற்கடிக்கப்பட்டார். எதிரணி நொறுங்கிப் போயிருந்தது.

ஓய்வூதிய மாற்றத்தைப் புஷ் மறைத்து வைத்திருந்தார் என்று சொல்வது நியாயமல்ல. 2000ஆம் ஆண்டுப் பிரசாரத்திலேயே அவர் அதனைப் பேசினார். 2001இல் மொய்னிஹானையும் ஓர் இணைத் தலைவராகக் கொண்ட ஆணைக்குழுவை நியமித்தார். ஆனால் 2004இல் மக்கள் வாக்களிக்கச் சென்றது ஈராக், பயங்கரவாதம், பொருளாதாரம் ஆகியவற்றை நினைத்துக்கொண்டு. ஓய்வூதியம் அந்தத் தேர்தலின் மையக் கேள்வியாக இருக்கவில்லை. ஒருவருக்கு அதிகாரம் கொடுப்பதும், அவர் மனதில் வைத்திருக்கும் ஒவ்வொரு யோசனைக்கும் சம்மதம் கொடுப்பதும் ஒன்றல்ல. புஷ்ஷின் கணக்கு முதலில் பிழைத்தது இங்கேதான்.

புஷ் கேட்டது என்ன?

2005 பெப்ரவரி 2ஆம் திகதி காங்கிரஸில் ஆற்றிய உரையில் புஷ் தனது திட்டத்தை விபரித்தார். 55 வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ளோருக்கு எந்த மாற்றமும் இல்லை. அதற்குக் குறைந்த வயதினர் விரும்பினால், தமது 12.4 வீத வரியில் 4 வீதப் புள்ளிகள் வரை தனிப்பட்ட கணக்கில் போட்டு, பங்குகளிலும் பிணைமுறிகளிலும் முதலிடலாம். இது 2009இல் தொடங்கும். ஆரம்பத்தில் ஆண்டுக்கு 1,000 டொலர் என்ற உச்ச வரம்பு இருக்கும்.

ராத்தாவின் மகனைப் போன்று ஆண்டுக்கு 40,000 டொலர் உழைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்காகக் கட்டப்படும் மொத்த வரி 4,960 டொலர். அதில் 4 வீதப் புள்ளி என்பது 1,600 டொலர். வரம்பின்படி முதல் ஆண்டில் 1,000 டொலர் அவரது கணக்குக்குப் போகும். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. அவன் கேட்ட கேள்வியில் பிழையில்லை.

ஆனால் மூன்று விடயங்கள் சிறிய எழுத்தில் இருந்தன. முதலாவது, தனிக் கணக்கைத் தெரிவு செய்பவரின் வழமையான ஓய்வூதியம் அதற்கேற்பக் குறைக்கப்படும். கணக்கில் போட்ட தொகையும், விலைவாசி உயர்வுக்கு மேலாக ஆண்டுக்கு 3 வீதமும் சேர்த்துக் கணக்கிட்டு அந்தக் கழிவு நடைபெறும். சந்தை அதைவிடக் கூடுதலாக ஈட்டினால் இலாபம், குறைவாக ஈட்டினால் நட்டம்.

இரண்டாவது, இளையவரின் வரியில் ஒரு பகுதி தனிக் கணக்குக்குப் போனால், இன்றைய முதியவருக்குக் கொடுப்பதற்கு அந்தப் பணம் இருக்காது. அந்த இடைவெளியை அரசாங்கம் கடன் வாங்கித்தான் நிரப்ப வேண்டும். 2015 வரையான காலத்துக்கு நிர்வாகமே சொன்ன தொகை வட்டியுடன் 754 பில்லியன் டொலர். திட்டம் தொடங்குவதே 2009இல் என்பதால் இது முழுமையான பத்து ஆண்டுகளின் செலவுகூட அல்ல.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. தனிக் கணக்குகள் நிதியத்தின் பற்றாக்குறையைத் தீர்க்கவில்லை. 2005ஆம் ஆண்டு வெளிவந்த பொறுப்பாளர் அறிக்கையின்படி, 2017இல் செலவு வரி வருமானத்தை மிஞ்சும், 2041இல் சேமிப்பு தீர்ந்துவிடும். புஷ் இதனை வங்குரோத்து என்று அழைத்தார். ஆனால் அதே அறிக்கை, சேமிப்புத் தீர்ந்த பின்னரும் வரும் வரியைக் கொண்டு 74 வீதக் கொடுப்பனவை வழங்க முடியும் என்று கூறியது. மீதி 26 வீதத்துக்கு என்ன வழி என்பதுதான் உண்மையான கேள்வி. தனிக் கணக்குகள் மட்டும் அதற்கு விடையல்ல என்பதை மார்ச் மாதம் புஷ்ஷே ஒப்புக்கொண்டார். ஏப்ரல் இறுதியில்தான், நடுத்தர, உயர் வருமானத்தினரின் எதிர்காலக் கொடுப்பனவு வளரும் வேகத்தைக் குறைக்கும் யோசனையை அவர் வெளிப்படையாக ஆதரித்தார். வெட்டு என்ற சொல் அத்துடன் விவாதத்தின் நடுவே வந்து அமர்ந்தது.

அலுமாரிக்குள் இருந்த காகிதம்

மார்ச் மாதம் முதல் புஷ் "60 நாட்களில் 60 இடங்கள்" என்ற பிரசாரத்தைத் தொடங்கினார். அதன் ஒரு பகுதியாக 2005 ஏப்ரல் 5ஆம் திகதி மேற்கு வேர்ஜினியாவின் பார்க்கர்ஸ்பேர்க் நகருக்குச் சென்றார். அங்குள்ள அரச கடன் அலுவலகத்தில் ஒரு சாதாரணக் கோப்பு அலுமாரி இருந்தது. 1983இன் பின்னர் மேலதிகமாகச் சேர்ந்த சம்பள வரியை அரசாங்கம் கடனாக எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகக் கொடுத்த திறைசேரி முறிகளின் பத்திரங்கள் அதற்குள் இருந்தன. அதனைப் பார்த்துவிட்டு, நிதியம் என்று ஒன்று இல்லை, இருப்பது வெறும் கடன் பத்திரங்களே என்ற பொருளில் புஷ் பேசினார்.

எனக்கு அந்தக் காட்சி இன்றும் வியப்பளிக்கிறது. உலகின் மத்திய வங்கிகளெல்லாம் மிகப் பாதுகாப்பானது என்று நம்பி வாங்கி வைத்திருக்கும் அமெரிக்கத் திறைசேரி முறியை, அந்நாட்டு ஜனாதிபதியே வெறும் காகிதம் போல் காட்டினார். எமது சேமலாப நிதியத்தின் பெரும் பகுதியும் எமது அரசாங்கத்தின் முறிகளிலேயே இருக்கிறது. அரசாங்கம் திருப்பித் தரும் என்ற நம்பிக்கைதான் அந்தப் பணத்தின் பெறுமதி. அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டு, இன்னொரு வாக்குறுதியை நம்புங்கள் என்று கேட்டால் மக்கள் தயங்கத்தான் செய்வார்கள். அவர் ஊர் ஊராகச் செல்லச் செல்லக் கருத்துக்கணிப்புகளில் அவரது திட்டத்துக்கான ஆதரவு கூடவில்லை, குறைந்தது.

எதிரணியின் கணக்கு

செனட் சபையில் 100 பேர். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்ல 60 பேரின் ஆதரவு வேண்டும். ஆளும் கட்சியிடம் 55 பேர்தான் இருந்தனர். எனவே எதிரணியிலிருந்து ஐந்து பேரை இழுக்க வேண்டும். 2001இல் புஷ்ஷின் வரிக் குறைப்புக்கு உதவிய மெக்ஸ் போகஸ் போன்ற ஜனநாயகக் கட்சியினர் இதற்கும் வருவார்கள் என்று வெள்ளை மாளிகை எதிர்பார்த்தது.

அது நடக்கவில்லை. டாஷலின் இடத்துக்கு வந்த நெவாடாவின் ஹரி ரீட் தனது அணியைச் சிதறாமல் வைத்துக்கொண்டார். தனிக் கணக்கு யோசனையைக் கைவிடும் வரை பேச்சுவார்த்தை இல்லை என்பதே அவர்களது நிலைப்பாடு. போகஸ் எதிர்ப்பின் முன்னணியில் நின்றார். பிரதிநிதிகள் சபையில் நான்சி பெலோசியும் அவ்வாறே. மாற்றுத் திட்டம் ஒன்றை முன்வைக்க அவர்கள் மறுத்துவிட்டனர். முன்வைத்தால் விவாதம் இரண்டு திட்டங்களுக்கு இடையிலானதாக மாறிவிடும், எதிர்ப்பின் கூர்மை மழுங்கிவிடும் என்பது அவர்களது கணக்கு. பிரதிநிதிகள் சபையில் தனிக் கணக்குச் சட்டமூலம் ஒன்றுக்கு இணை அனுசரணை வழங்கிய ஜனநாயகக் கட்சிக்காரர் புளோரிடாவின் அலன் பொயிட் ஒருவர்தான்.

ஏறத்தாழ 35 மில்லியன் அங்கத்தவர்களைக் கொண்டிருந்த ஓய்வுபெற்றோர் சங்கமான ஏஏஆர்பி, 2003இல் முதியோருக்கான மருந்துக் கொடுப்பனவுச் சட்டத்தில் புஷ்ஷுடன் நின்றது. இம்முறை எதிர்த்து நின்றது.

ஆளும் கட்சிக்குள்ளும் ஒற்றுமை இருக்கவில்லை. வரி விடயங்களைக் கையாளும் குழுவின் தலைவர் பில் தோமஸ், உரை நிகழ்த்தப்படுவதற்கு முன்னரே, ஜனவரி மாதம், இந்தத் திட்டம் விரைவில் செத்த குதிரையாகிவிடும் என்ற கருத்தைச் சொன்னார். செனட் நிதிக் குழுவில் மெய்ன் மாநிலத்தின் ஒலிம்பியா ஸ்னோ தனிக் கணக்குகளை ஏற்கவில்லை. அக்குழுவில் ஆளும் கட்சிக்கு 11 பேர், எதிரணிக்கு 9 பேர். ஒருவர் மாறினாலே பெரும்பான்மை போய்விடும். தெற்கு கரோலினாவின் லின்ட்ஸி கிரஹாம், 90,000 டொலர் வரம்பை உயர்த்தி வசதி படைத்தோரிடமிருந்து கூடுதல் வரி பெறலாம் என்றார். அது வரி உயர்வு என்று அவரது சொந்தக் கட்சித் தலைவர்கள் எதிர்த்தனர்.

ஜனாதிபதியின் திட்டம் இரு சபைகளில் எதிலும் வாக்கெடுப்புக்கு வரவில்லை. 2005 ஆகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனா சூறாவளி தாக்கி நியூ ஓர்லியன்ஸ் நகரம் நீரில் மூழ்கியது. அதன் பின்னர் ஓய்வூதிய மாற்றத்தைப் பற்றிப் பேச யாரும் இருக்கவில்லை.

2006 ஜனவரி 31ஆம் திகதி புஷ் மீண்டும் காங்கிரஸில் உரையாற்றினார். சமூகப் பாதுகாப்பைக் காப்பாற்றும் தனது யோசனையில் கடந்த ஆண்டு காங்கிரஸ் நடவடிக்கை எடுக்கவில்லை என்று அவர் சொன்னதும், ஜனநாயகக் கட்சியினர் எழுந்து நின்று கைதட்டினர். அந்த ஆண்டு நவம்பரில் அவர்கள் இரு சபைகளையும் கைப்பற்றினர். அதற்கு முதன்மைக் காரணம் ஈராக் யுத்தம்தான். இருந்தாலும் தனிக் கணக்குகளுக்காக முன்னின்று பேசிய பென்சில்வேனியாவின் ரிக் சன்டோரம் 17 வீதப் புள்ளிகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் தோற்றார். புஷ் பின்னர் எழுதிய நினைவுக் குறிப்புகளில், மீண்டும் வாய்ப்புக் கிடைத்தால் ஓய்வூதியத்துக்கு முன்னதாகக் குடிவரவுச் சீர்திருத்தத்தை எடுத்திருப்பேன் என்று ஒப்புக்கொண்டார்.

உண்மையில் வென்றது யார்?

2008இல் அமெரிக்கப் பங்குச்சந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தபோது, புஷ்ஷின் திட்டம் வராதது நல்லதாயிற்று என்று பலரும் எழுதினர். நானும் அவ்வாறே நினைத்தேன். பின்னர் யோசித்தால் அது முழுக்கச் சரியல்ல. கணக்குகள் 2009இல்தான் தொடங்கவிருந்தன. விலை விழுந்து கிடந்த சந்தையில் நுழைந்திருப்பார்கள். ஆனால் அந்தச் சரிவு இன்னொன்றைக் காட்டியது. ஓய்வுபெறும் ஆண்டு எதுவென்பதை யாரும் சந்தையைப் பார்த்துத் தெரிவு செய்வதில்லை. 2008இல் 65 வயதை அடைந்தவருக்கு 2013 வரை காத்திருக்க முடியாது.

ஆகவே திட்டத்தைத் தடுத்தவர்கள் சரியென்றே வைத்துக்கொள்வோம். தடுத்த பின்னர் என்ன செய்தார்கள்? 2013இல் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி பராக் ஒபாமா, விலைவாசிக்கேற்ற உயர்வைக் கணக்கிடும் முறையைச் சற்று இறுக்கும் யோசனையைத் தனது பாதீட்டில் சேர்த்தார். அவரது கட்சியே கொதித்தெழுந்தது. அடுத்த ஆண்டு அதனைக் கைவிட்டார். குடியரசுக் கட்சியிலோ டொனால்ட் ட்ரம்ப், 2016 தேர்தலில் சமூகப் பாதுகாப்பை வெட்டமாட்டேன் என்று சொல்லி வென்றார். 2023 பெப்ரவரியில் ஜோ பைடன் காங்கிரஸ் உரையில் குடியரசுக் கட்சியினர் சிலர் இதில் கைவைக்க விரும்புவதாகச் சொன்னபோது, அவர்கள் சபையிலேயே கூச்சலிட்டு மறுத்தனர். அப்படியானால் வெட்டு இல்லை என்பதில் நாம் உடன்படுகிறோம் என்று அவர் அங்கேயே முடித்து வைத்தார்.

இப்போது இரு கட்சிகளும் உடன்படுவது வெட்டமாட்டோம் என்பதில் மட்டும்தான். பணத்துக்கு வழி என்ன என்பதில் உடன்பாடு இல்லை. 2025 ஜனவரி 5ஆம் திகதி பைடன் கையொப்பமிட்ட சட்டம், வேறு அரச ஓய்வூதியம் பெறும் ஆசிரியர்கள், பொலிஸார் போன்றோரின் கொடுப்பனவை உயர்த்தியது. இரு கட்சியினரும் வாக்களித்தனர். பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 196 பில்லியன் டொலர் செலவு, அதற்கான வருமானம் எதுவும் சேர்க்கப்படவில்லை. கொடுப்பதற்கு மட்டும் இரு கட்சிகளும் ஒன்று சேர்கின்றன.

2005ஆம் ஆண்டு அறிக்கை, அடுத்த 75 ஆண்டுகளுக்கான பற்றாக்குறையை வரிக்குட்பட்ட சம்பளத்தில் 1.92 வீதம் என்று கணக்கிட்டது. 2025 ஜூன் மாதம் வெளிவந்த அறிக்கையில் அது 3.82 வீதம். சேமிப்புத் தீரும் ஆண்டு 2041இலிருந்து 2034க்கு முன்னால் வந்துவிட்டது. அப்போது கொடுக்க முடிவது 81 வீதம். 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 6 கோடி 80 இலட்சம் மக்கள் இந்தக் கொடுப்பனவைப் பெற்றுக்கொண்டிருந்தனர்.

2005இல் சிறிய வரி உயர்வும், வரம்பை உயர்த்துவதும், மெதுவான வயது மாற்றமும் சேர்ந்து தீர்த்திருக்கக்கூடிய ஒரு விடயத்துக்கு இன்று அதைப்போல் இரு மடங்கு கசப்பு மருந்து வேண்டும். புஷ் தனது வெற்றியை எல்லாவற்றுக்குமான சம்மதமாக எடுத்துக்கொண்டு, உடன்படவே முடியாத ஒன்றை முதலில் வைத்தார். எதிரணி அதனை முறியடித்ததையே தீர்வாக எடுத்துக்கொண்டது. 1983இல் இருந்த கிரீன்ஸ்பானும் மொய்னிஹானும் டோலும் போன்றோருக்கு 2005இல் இரு பக்கமும் இடம் இருக்கவில்லை.

ராத்தாவின் மகன் இப்போது அமெரிக்கக் குடிமகன். வாக்களிக்கிறான். 2034இல் அவனுக்கு 62 வயதாகும். முழு ஓய்வூதியம் பெறும் 67 வயதை 2039இல் அடைவான். அன்று அவன் பயந்ததுபோல் நிதியத்தில் ஒன்றும் மிஞ்சாமல் போகாது. ஆனால் யாரும் எதுவும் செய்யாவிட்டால் நூறு டொலருக்குப் பதிலாக எண்பது டொலரளவுதான் கைக்கு வரும். சென்ற மாதம் பேசும்போது, "மாமா, அண்டைக்கு நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

பதில் சொல்ல வேண்டியவன் நான் அல்ல என்று சொன்னேன். வாக்குக் கேட்டு அவனது வாசலுக்கு வரும் இரு கட்சிக்காரர்களிடமும், வெட்டமாட்டீர்கள் என்பது தெரியும், பணத்துக்கு வழி என்ன என்று கேட்கும்படி சொன்னேன். இருபது ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லாமல் தப்பி வருகிறார்கள்.